புள்ளிக்கு முன்னால் ஒரு சாய்கோடு

சிதம்பரத்தில் ரயில் நிலையத்தைத் தாண்டிப் பல்கலைக்கழகம் போகிற வழியில், ஆய்வேடு தட்டச்சு செய்து தருகிற கடைகள் நிறைய. அங்கே போய், வேகமாக அடிக்கிறவர் யார் என்று கேட்டால், எதிர்க்கடைக்காரர்கூட வயிற்றெரிச்சலோடு சுப்பராயலு கடையைத்தான் கைகாட்டுவார். அந்தக் கடையில் ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவள் ஜெயராணி. எழுதிக்கொண்டு வரச் சோம்பல்படுகிற ஆய்வாளர்கள் அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாயாலேயே சொல்லுவார்கள். சொல்லச் சொல்ல அவள் அடித்துக்கொண்டே போவாள். அவர்கள் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் என்டரைத் தட்டிவிட்டுக் காத்திருப்பாள். வரிகளை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். சில பேருக்கு மூச்சு மட்டும்தான் வரும், விஷயம் வராது. அதையும் முகம் சுளிக்காமல் அடித்துக் கொடுப்பாள்.

அந்த வேகத்துக்கு ஒரு சூட்சுமம் இருந்தது. காதில் விழுவது நேராக விரலுக்குப் போய்விட வேண்டும், நடுவில் மனதில் எங்கும் தங்கக் கூடாது. தங்கினால் கை தடுமாறும். காலையிலிருந்து சாயங்காலம் வரை சங்க காலத்தையும் கரும்பு விவசாயத்தையும் அடித்துவிட்டு எழுந்திருப்பாள். இன்றைக்கு என்ன அடித்தாய் என்று கேட்டால் சிரிப்பாள்.

வீடு கடலூர் முதுநகரில். கணவன் ராபர்ட் பண்ருட்டியில் முந்திரி லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பான். அதனால் அவள் அப்பா அம்மாவோடுதான் இருந்தாள். தினமும் சிதம்பரம் பஸ். ரசாயனத் தொழிற்சாலைகள் இருக்கிற செம்மங்குப்பம் வருகிறபோது பஸ்ஸில் இருக்கிறவர்கள் தாங்களாகவே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார்கள். ஜெயராணி வைத்துக்கொள்ள மாட்டாள். அந்த வாடைதான் சின்ன வயதில் அவளுடைய அப்பாவின் வாடை. அங்கே ஒரு சாயக் கம்பெனியில் அவர் காண்ட்ராக்ட் கூலியாக இருந்தார். ஆயுசில் பாதியை அங்கேயே கழித்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் பெயர் தேவசகாயம். என்ன குரல் அது! மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகியவர். வீட்டுக்குள் ரகசியம் பேசினாலும் தெருக்கோடியில் இருக்கிறவன் பதில் சொல்லுவான். மாதா கோயிலில் பாட்டுப் பாடினால் சாமியாரே புருவத்தை உயர்த்துவார். படிப்பு என்று பார்த்தால் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் பேச உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது, கேட்கிறவனுக்கும் சரி, அவருக்கும் சரி.

ஒருநாள் ஏதோ வேலையாகச் சிதம்பரம் வந்தவர் மகளைப் பார்க்கக் கடைக்குள் நுழைந்தார். ஓர் ஆய்வாளர் சொல்லிக்கொண்டிருக்க மகள் அடித்துக்கொண்டிருந்தாள். ஓரமாக நின்று பார்த்தார். அந்த ஆள் டீ குடிக்கப் போனதும் கேட்டார்.

"ஏம்மா, அவனவன் வந்து எதையெதையோ சொல்றான், நீயும் அடிக்கிற. நான் சொன்னா அடிக்க மாட்டியா?"

"நீ என்னாப்பா சொல்லப் போற?"

"எங்கதய. வேற எவன் கதைய நான் சொல்லுவேன்?"

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பாவும் மகளும் பஸ் ஏறுவார்கள். சுப்பராயலு நல்ல மனிதர், சாவியைக் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்க மாட்டார். தேவசகாயம் ஆய்வாளர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, "எழுதிக்கம்மா, இயல் ஒண்ணு" என்பார். மகள் சிரித்துவிட்டு அடிக்கத் தொடங்குவாள்.

"மொத ஷிப்டுக்குப் போனவன் மூஞ்சி மஞ்சள். ரெண்டாவது ஷிப்டுக்குப் போனவன் மூஞ்சி நீலம். மூணாவது ஷிப்டுக்குப் போறவன இருட்டுல எவனும் பாக்க மாட்டான். அதனால அவன் மட்டும் மனுசன்." கம்பெனிக் கதைக்கு வந்ததும் இப்படித்தான் சொல்லுவார். சொல்லிவிட்டு மகள் முகத்தைப் பார்ப்பார். மகள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அழுதுகொண்டே சொன்னார். கண்ணாயிரம் என்று அவருக்கு ஒரு சிநேகிதன். ஒரே ஷிப்ட், ஒரே டிபன் கேரியர். கம்பெனியில் தொட்டி கழுவ இறங்கியவன் பிணமாகத்தான் வெளியே வந்தான். அன்றைக்கு அவர் சொல்லி முடித்தபோது மகள் டம்ளரில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு, "இத நான் ஒங்கம்மா கிட்டகூட சொன்னதில்ல" என்றார்.

வருஷம் திரும்பியபோது குரல் கம்மியது. சளி என்றார்கள். கற்பூரவல்லி, மிளகுக் கஷாயம், எல்லாம் பார்த்தாயிற்று. பேசுகிறபோது அடிக்கடி நிறுத்தினார். அவளும் அடிக்கடி என்டரைத் தட்டினாள். கடைசி ஞாயிறுகளில் ஒரு வரிக்கு நாலு சொல்தான் தேறியது. ஆனாலும் மனிதர் விடவில்லை. கதையை முடித்துவிட்டுத்தான் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். குரல்வளையில் புற்று என்றார்கள். எதனால் வந்தது என்று கேட்டதற்கு எந்த டாக்டரும் பதில் சொல்லவில்லை. எடுத்துவிட வேண்டும், எடுத்தால் பேச்சு போய்விடும், எடுக்காவிட்டால் ஆளே போய்விடுவார் என்றார்கள்.

தேவசகாயம் மாட்டேன் என்று அடம்பிடித்தார். பேச்சில்லாமல் இருந்து என்னத்துக்கு என்று சண்டை போட்டார். மனைவி சவரியம்மாள் அழுதாள், ராபர்ட் லாரியை நிறுத்திவிட்டு வந்து கெஞ்சினான். எதற்கும் மசியவில்லை. கடைசியில் ஜெயராணியைக் கூப்பிட்டுக் கட்டிலில் உட்கார வைத்துக்கொண்டு, இருக்கிற கொஞ்சக் குரலில் கேட்டார்.

"நான் சொன்னதெல்லாம் அதுல இருக்குதுல்ல?"

"எல்லாம் இருக்குப்பா. ஒரு வார்த்த விடல."

"பத்திரமா இருக்குதா?"

"இருக்குப்பா."

"அப்ப எடுத்துக்கட்டும்."

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அந்த நம்பிக்கையில்தான் தொண்டையைக் கொடுத்தார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஜெயராணியால் இதை மறக்க முடியவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்தில் ஓர் ஓட்டை வைத்தார்கள். மூச்சு அது வழியாகப் போய் வந்தது. உதடு அசையும், சத்தம் வராது. பேச வைக்கிற கருவி ஒன்று இருக்கிறது, புண் ஆறட்டும் என்றார்கள். புண் ஆறவில்லை. நோய் மறுபடி தலைகாட்டியது. வீட்டுக்குக் கூட்டிப்போய் நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும், தேவசகாயத்துக்கும் தெரியும்.

அவருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. புத்தகம். பண்ருட்டியில் மலர்க்கொடி என்று ஒரு பெண் சின்னதாகப் பதிப்பகம் நடத்தி வந்தாள். ஜெயராணி முதல் இயலை இரண்டு பிரதி அச்செடுத்து, ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள், அப்பாவின் சின்ன வயசுக் கதை அது, கம்பெனிக்குப் போவதற்கு முந்தியது. மலர்க்கொடி படித்துவிட்டுப் போனில் கூப்பிட்டாள். "அக்கா, இத நான் போடறேன். மிச்சத்தயும் அனுப்புங்க. ஆனா யூனிகோடுல வேணும்க்கா, அதுதான் எல்லாக் கம்ப்யூட்டர்லயும் தெரியும். ஒங்க கடை ஃபான்டுல அனுப்புனா எங்க கிட்ட ஒரே இங்கிலீஷ் குப்பையா வரும்."

சிக்கல் அங்கேதான். சுப்பராயலு கடையின் எழுத்துரு, கீரப்பாளையத்துக்காரர் ஒருவர் அந்தக் கடைக்கென்றே செய்து கொடுத்தது. பழைய எழுத்துருக்கள் எல்லாம் ஒருவகை வேஷம்தான். உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்தும் குறியும், மேலே தெரிவது தமிழ். சதுர அடைப்பைத் தட்டினால் ஜ வரும், கூட்டல் குறியைத் தட்டினால் ஸ வரும், முற்றுப்புள்ளியைத் தட்டினால் ஷ வரும். ஊரறிந்த எழுத்துருக்களை மாற்றித் தர இன்டர்நெட்டில் வசதி இருக்கிறது. இது கடைக்குள்ளேயே பிறந்து கடைக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை, இது எவனுக்குத் தெரியும்? செய்தவரும் வெளிநாடு போய்விட்டார். ஜெயராணியே மாற்றியாக வேண்டும், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, ஒவ்வோர் எழுத்தாக.

ஒன்றுக்கொன்று மாற்றுவது பெரிய காரியம் இல்லை. ஆனால் பழைய எழுத்துருவில் ஒற்றைக்கொம்பு முன்னால் வந்து நிற்கும், எழுத்து பின்னால் வரும். யூனிகோடில் எழுத்து முன்னால், கொம்பு பின்னால். இடம் மாற்றிப் போட வேண்டும். அதற்குச் சாதாரணத் தேடல் உதவாது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று ஒரு முறை இருக்கிறது, அதில்தான் முடியும். அவள் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அந்த முறையில் சில குறிகளுக்குச் சொந்தமாக அதிகாரம் உண்டு. நட்சத்திரம் நட்சத்திரமாக இருக்காது, அடைப்பு அடைப்பாக இருக்காது. முக்கியமாகப் புள்ளி. அங்கே புள்ளி என்றால் 'எந்த எழுத்தாக இருந்தாலும் சரி' என்று பொருள். அந்த அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டு அதை வெறும் குறியாக நடத்த வேண்டுமானால், முன்னால் இடப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு போட வேண்டும். போட்டால் பெட்டிப்பாம்பு. போடாவிட்டால் அது தன் வேலையைக் காட்டும்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. நகல் எடுத்து வைத்துக்கொண்டு பழகினாள். கொம்புகளெல்லாம் சொன்னபடி கேட்டு இடம் மாறி உட்கார்ந்தபோது கை தட்டிவிட்டாள், பக்கத்துக் கம்ப்யூட்டர்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சதுர அடைப்புக்குக் கோடு போட்டாள், கூட்டல் குறிக்குக் கோடு போட்டாள். எல்லாம் சரியாக வந்தது. பழகிய நகலும் அசலும் ஒன்றோடொன்று கலந்துவிடப்போகிறதே என்று பயந்து, நகலை அழித்துவிட்டு அசலில் வேலையைத் தொடங்கினாள். எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள்! அந்த ஜாக்கிரதைதான் குழி பறித்தது.

கடைக் கம்ப்யூட்டரில் இன்னொரு பிரதி இருந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இருக்காது. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் ஆய்வேடு இன்னொருத்தர் கைக்குப் போய்விடக் கூடாது என்று, கோடை விடுமுறையில் எல்லாக் கடைகளிலும் கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்துவிடுவார்கள். தட்டச்சுக்காரர்களின் நாணயம் அது. துடைக்காத கடைக்கு ஆய்வாளர்கள் வரமாட்டார்கள். ஜெயராணியும் அப்பாவின் கதையைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, தன் கையாலேயே கம்ப்யூட்டரைத் துடைத்திருந்தாள்.

மத்தியானம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தாள். எல்லா எழுத்தும் முடிந்து ஷ மட்டும் பாக்கி. மற்ற எழுத்தென்றால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பாள். ஷிப்ட் என்கிற சொல் இல்லாமல் அவள் அப்பா ஒரு பக்கம் பேசியதில்லை. தேடு என்கிற கட்டத்தில் கையை வைக்கிறபோது போன் அடித்தது. அம்மா.

"ராணி, ஒங்கப்பா கைய விரிச்சி விரிச்சிக் காட்டறாரும்மா. பொஸ்தகம் எங்கன்னு கேக்கறாரு போலக்குது. இன்னா சொல்லட்டும்?"

"முடிஞ்சிடுச்சும்மா. ஒரே ஒரு எழுத்துதான் பாக்கி. சாயந்திரம் அனுப்பிடுவேன்னு சொல்லு."

"இரு, காதுல வெக்கறேன், நீயே சொல்லு."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். அந்தப் பக்கம் கழுத்து ஓட்டையில் மூச்சு போய்வருகிற சத்தம் கேட்டது. "யப்பா, இதோ முடியுதுப்பா, கேக்குதா?" என்று சொல்லிக்கொண்டே புள்ளியை அடித்தாள். மாற்று என்கிற கட்டத்தில் ஷ அடித்தாள். எல்லாக் கோப்பிலும் மாற்றவா என்று கேட்டது. ஆமாம் என்றாள். நிச்சயமா என்று கேட்டது. அதற்கும் ஆமாம் என்றாள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை சறுக்கினால் கொஞ்சம் மண் போகும்.

கோப்பைத் திறந்து பார்த்தபோது முதலில் எழுத்துரு மாறிவிட்டது என்றுதான் நினைத்தாள். ஷஷஷஷஷஷஷஷஷஷஷஷஷஷ என்று ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொரு வரி. இன்னொரு கோப்பைத் திறந்தாள். அதிலும் அதே. எல்லா இயலும் அதே. எந்த எழுத்தாக இருந்தாலும் சரி என்று அவள் சொல்லியிருந்தாள், அது ஒன்று விடாமல் மாற்றிவிட்டது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவிலிருந்த இடைவெளியைக்கூட விடவில்லை. செய்ததைத் திரும்பப் பெறும் விசையைத் தட்டினாள். திறக்காத கோப்பில் செய்ததைத் திருப்ப முடியாது. மறுபடி தட்டினாள். அது என்ன செய்யும், பாவம்?

ஒன்றே ஒன்று மட்டும் மாறவில்லை. புள்ளி வரியைத் தாண்டாது. அவள் என்டர் தட்டிய இடங்களெல்லாம் அப்படியே இருந்தன. முதலில் நீள நீளமான வரிகள், போகப் போகக் குட்டை வரிகள். அப்பா எங்கே மூச்சு வாங்கினார் என்பது மட்டும் பத்திரமாக இருந்தது. என்ன சொன்னார் என்பது போய்விட்டது.

போனில் இன்னும் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அணைத்தாள்.

சுப்பராயலு வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "காப்பி எடுத்தியாம்மா?" என்று கேட்டார். ஆய்வாளர்களிடம் அவளே ஓயாமல் கேட்கிற கேள்வி. அழிந்ததை மீட்கிற மென்பொருள் ஒன்றைப் போட்டுச் சாயங்காலம் வரை தேடினார். யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகையும் பாதி மேற்கோள் பட்டியலும் கிடைத்தன. அழித்த நகல் இருந்த இடத்தில் வேறு எதுவோ வந்து உட்கார்ந்துவிட்டது.

"ஒரு கோடும்மா," என்றார் சுப்பராயலு. "ஒரே ஒரு கோடு."

"ஆமாண்ணே," என்றாள்.

பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை. செம்மங்குப்பத்தில் எல்லோரும் மூக்கை மூடினார்கள். அப்பாவின் குரலை நாமே இரண்டாவது தடவை அறுத்தோம் என்று நினைத்தாள். டாக்டராவது கேட்டுவிட்டு அறுத்தார்.

அம்மாவிடம் மட்டும் சொன்னாள். சவரியம்மாள் சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அவுருக்குப் படிக்கவா தெரியும்? நீயே எழுதிடு. ஒங்கிட்டதான சொன்னாரு. நீ கேட்டவதான?"

கேட்டவள்தான். ஆனால் கேட்டாளா? அதுதான் அவளைக் கொன்றது. கடையிலிருந்து ஒரு லேப்டாப்பைக் கேட்டு வாங்கிவந்து வீட்டில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அத்தனை ஞாயிறும் காதிலிருந்து விரலுக்குப் போயிருக்கிறது, உள்ளே எதுவும் தங்கவில்லை. மஞ்சள் மூஞ்சி, நீல மூஞ்சி நினைவிருந்தது. டிபன் கேரியர் நினைவிருந்தது. கண்ணாயிரம் செத்துப்போனது நினைவிருந்தது, எப்படிச் செத்தான், அன்றைக்கு அப்பா எங்கே நின்றார், என்ன செய்தார், ஏன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, ஒன்றும் நினைவில்லை. அப்பா அழுதது நினைவிருந்தது. தண்ணீர் கொடுத்தது நினைவிருந்தது. ஊரில் உள்ள ஆய்வாளர்களுக்கெல்லாம் சிட்டாகப் பறந்த விரல்கள் இப்போது விசைகளின் மேல் சும்மா கிடந்தன.

எழுதாமலும் இல்லை. நாள்கணக்காக உட்கார்ந்து எழுதினாள். எழுதியதைப் படித்துப் பார்த்தால் ஆய்வேடு மாதிரி இருந்தது. 'அக்காலகட்டத்தில் தொழிலாளர்கள் பல்வேறு இன்னல்களுக்கு உள்ளாயினர்.' இத்தனை வருஷம் அடித்ததெல்லாம் மனதில் தங்கவில்லை என்று நினைத்தாளே, அது மட்டும் தங்கியிருந்தது. மலர்க்கொடி போன் பண்ணியபோது எடுக்கவில்லை.

தேவசகாயம் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தார். மகள் வீட்டுக்குள் நுழைந்ததும் கையை விரித்துக் காட்டுவார். வருதுப்பா என்பாள். பிறகு ஒருநாள் கையை விரிக்கவில்லை, காதைத் தொட்டுக் காட்டினார். படித்துக் காட்டு என்றார். புத்தகம் வருகிறவரை இருக்க மாட்டோம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஜெயராணி அச்செடுத்த முதல் இயலையும் லேப்டாப்பையும் எடுத்து வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் இயலைப் படித்தாள், அது அவர் சொன்ன அசல். அவர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டே கேட்டார், கூடவே சொல்லிவந்தார். ஓரிடத்தில் தோள் குலுங்கியது, சிரித்தார். அதற்குப் பிறகு, தான் எழுதியதைப் படிக்கத் தொடங்கினாள். குரலை அப்பா மாதிரியே ஏற்றி இறக்கிப் படித்தாள்.

உதடு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் மரியாதைக்குக் கேட்கிற மாதிரி கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இது யார் கதை என்று கேட்டார்.

ஜெயராணி உடைந்துவிட்டாள். "யப்பா, போச்சுப்பா. எல்லாம் போச்சுப்பா. நானே அழிச்சிட்டேன்" என்று கட்டிலில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். புள்ளி என்றாள், கோடு என்றாள், ஷ என்றாள். அவருக்கு என்ன புரியும்? ஒரு புள்ளி எப்படி ஒரு மனுஷனுடைய ஆயுசைத் தின்னும் என்று படித்தவர்களுக்கே புரியாது. ஆனால் இல்லை என்பது புரிந்தது. கழுத்து ஓட்டையில் மூச்சு நின்று, பிறகு விசிலடித்துக்கொண்டு வெளியே வந்தது. சவரியம்மாள் ஓடிவந்து நெஞ்சைத் தடவினாள். அவர் அந்தக் கையைத் தள்ளிவிட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு நாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கஞ்சிகூட இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் சவரியம்மாள் மகளைக் கூப்பிட்டாள். அவர் தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பைக் கைகாட்டினார். பக்கத்திலிருந்த நாற்காலியைக் கைகாட்டினார். தொண்டையைக் கனைத்தார், கனைக்கிற மாதிரி தலையை அசைத்தார். மறுபடி சொல்கிறேன், எழுதிக்கொள் என்கிறார். ஜெயராணி நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

அவர் உதடுகள் அசைந்தன.

"மொத ஷிப்டாப்பா?"

ஆமாம் என்று தலையாட்டினார். அவள் அடித்தாள். மறுபடி உதடுகள் அசைந்தன. விரலை மடக்கிக் காட்டினார், கையைக் கீழே இறக்கிக் காட்டினார்.

"கண்ணாயிரம். கண்ணாயிரமாப்பா?"

ஆமாம். வேகமாகத் தலையாட்டினார். கண்ணில் வெளிச்சம் வந்தது. தொடர்ந்து பேசினார். பேச்சு என்றால் பேச்சு, பழைய வேகம், பழைய கையாட்டல், ஒரு சத்தம் இல்லை. ஓட்டையிலிருந்து காற்று மட்டும் புஸ் புஸ் என்று வந்தது. ஜெயராணி அவர் உதட்டையே பார்த்தாள். மகள் பார்க்கிறாள் என்று அவர் இன்னும் வேகமாகச் சொன்னார்.

"இருப்பா, மெதுவாச் சொல்லுப்பா. கண்ணாயிரம் தொட்டியில எறங்கனாரு?"

இல்லை.

"எறங்க மாட்டேன்னாரு?"

இல்லை. நெஞ்சில் அடித்துக் காட்டினார்.

"கண்ணாயிரத்துக்கு நெஞ்சு வலி?"

இல்லை, இல்லை. மறுபடி நெஞ்சில் அடித்தார்.

"மாரு எரியுதாம்மா அவுருக்கு, மருந்து கேக்கறாரு" என்றாள் சவரியம்மாள். அவர் கட்டில் சட்டத்தில் கையால் ஓங்கி அடித்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுபடி சொன்னார். அதையே சொன்னார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்குச் சொல்வது மாதிரி. ஜெயராணி ஒன்றை ஊகித்தாள், இல்லை என்றார். இன்னொன்றை ஊகித்தாள், இல்லை. நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. கழுத்தில் கட்டியிருந்த துணி நனைந்துவிட்டது. உதடு காய்ந்து வெடித்து ரத்தம் எட்டிப்பார்த்தது. வெயில் ஏறி ஜன்னலுக்கு வந்துவிட்டது. திரையில் மூன்று சொற்கள் இருந்தன.

ஜெயராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிடைத்ததையெல்லாம் கூட்டிச் சேர்த்து, குரல் உடைய உடையப் படித்தாள்.

"மொத ஷிப்டு. கண்ணாயிரத்துக்கு அன்னைக்கு லீவு. அப்படியாப்பா?"

அவர் மகளுடைய முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆமாம் என்று தலையாட்டினார்.

அது இல்லை. லீவு என்றால் கண்ணாயிரம் அன்றைக்குச் செத்திருக்க மாட்டான். அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அவள் அடித்தாள். அடுத்த வரி என்னப்பா என்று கேட்டாள். அவர் உதட்டை அசைக்கவில்லை. அவளே ஒன்றைச் சொன்னாள், தலையாட்டினார். இன்னொன்றைச் சொன்னாள், அதற்கும் தலையாட்டினார். அதன் பிறகு அவள் எதைச் சொன்னாலும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார்.